ஷோகேஸில் நிற்கும் உலோகக் கட்டடங்கள்: அடியைத் திருப்பிப் பாருங்கள்



பழைய நாணயங்கள் பற்றி எழுதிய பதிவுக்குப் பிறகு இன்பொக்ஸில் வந்த படங்களில் பாதி நாணயமே அல்ல. ஈபிள் கோபுரம், சுதந்திரச் சிலை, எந்த ஊரென்றே தெரியாத ஒரு வங்கிக் கட்டடம். எல்லாம் விரல் நீளத்திலும் சாண் நீளத்திலும் உலோக உருக்கள். பாரிஸில் இருக்கும் மாமா கொண்டு வந்தது, கப்பலில் வேலை செய்த மூத்தவாப்பா வாங்கி வந்தது, பழைய வீட்டை உடைத்தபோது அலுமாரிக்குள் கிடந்தது. கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "சேர், இது பெறுமதியானதா?" ஒரு வீட்டில் பழைய இரும்பு வாங்க வருபவர் கிலோக் கணக்கில் விலையும் பேசி விட்டாராம்.

கிலோவுக்குக் கொடுக்க முன் கொஞ்சம் பொறுங்கள். இவற்றின் பெறுமதி உலோகத்தில் இல்லை. பெரும்பாலானவை துத்தநாகமும் ஈயமும் கலந்த மலிவுக் கலவைதான். வயதிலும் முழுதாக இல்லை. நூறு வயதான ஈபிள் கோபுரம் சொற்ப விலைக்குப் போகும். அதைவிட இளைய ஒரு வங்கி உண்டியலை ஆட்கள் தேடித் திரிவார்கள். இது எந்தக் கட்டடம், எந்தக் காலத்தில், யாருக்காக வார்க்கப்பட்டது என்று சொல்ல முடிகிறதா? பெறுமதி அங்கேதான் இருக்கிறது. அதாவது இது வரலாற்றுப் பாடம். ஆகவே என் வழக்கப்படி பழைய கதையிலிருந்தே வருகிறேன்.

பார்த்த கட்டடத்தைச் சின்னதாக்கி வீட்டுக்குக் கொண்டு போகும் ஆசை புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் மாதக்கணக்கில் இத்தாலியைச் சுற்றுவார்கள். அவர்களை நம்பியே ரோமில் பட்டறைகள் நடந்தன. இடிந்த கோயில்களின் தூண்கள், வெற்றி வளைவுகள், ட்ராஜன் பேரரசனின் தூண் எல்லாவற்றையும் வெண்கலத்திலும் நிறப் பளிங்கிலும் செய்து விற்றார்கள். அவை பணக்காரர் பொருட்கள். நமது அலுமாரிக்குள் அப்படி ஒன்று இருக்கும் வாய்ப்புக் குறைவு என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒரு தூணின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பாரிஸின் வென்டோம் சதுக்கத்தில் நெப்போலியன் தன் வெற்றிக்காக ஒரு தூண் எழுப்பினான். எதிரிகளிடம் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி எடுத்த வெண்கலம் போர்த்திய தூண் அது. 1810இல் அதன் உச்சியில் நின்ற நெப்போலியன் ரோமப் பேரரசன் உடையில் இருந்தான். அவன் வீழ்ந்ததும் 1814இல் சிலையை இறக்கி விட்டார்கள். 1833இல் வேறொரு சிலை ஏறியது. இதில் அவன் நீண்ட கோட்டும் இரு முனைத் தொப்பியும் அணிந்த படைவீரன். 1863இல் அதையும் மாற்றி மறுபடி ரோம உடையில் ஒருவனை ஏற்றினார்கள். 1871இல் பாரிஸ் கம்யூன் கிளர்ச்சியாளர்கள் தூணையே கயிறு கட்டி இழுத்து வீழ்த்தினார்கள். சில ஆண்டுகளில் அது மீண்டும் எழுந்தது.

இப்போது உங்கள் கையில் அந்தத் தூணின் சின்ன உரு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். உச்சியில் கோட்டும் தொப்பியும் தெரிந்தால் அந்த வடிவம் 1833க்கு முந்தியதாக இருக்க முடியாது. அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வார்த்திருக்கலாம். பழைய அச்சைப் பத்திரமாக வைத்து ஐம்பது வருடம் கழித்தும் வார்ப்பார்கள். கட்டடத்தில் தெரியும் ஒரு மாற்றம் "இதற்கு முன் இல்லை" என்று மட்டுமே சாட்சி சொல்லும். "இதற்குப் பின் இல்லை" என்று சொல்லாது. உயர்தர வகுப்பில் ஆதாரங்கள் பற்றிப் படிப்பிக்கும்போது இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதையே மற்றவற்றுக்கும் பொருத்துங்கள். நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931இல் திறக்கப்பட்டது. தொலைக்காட்சிக்கான உயர்ந்த அன்ரனா ஏறியது 1950களின் தொடக்கத்தில். உங்கள் உருவில் அந்த நீண்ட அன்ரனா இருந்தால் அது அதற்குப் பிந்தியது. ஈபிள் கோபுரத்தின் உச்சியில் தொலைக்காட்சி அன்ரனா வந்தது 1957இல். அதன் முதல் தட்டைச் சுற்றி ஆரம்பத்தில் அலங்கார வளைவுகள் வரிசையாக இருந்தன. 1937 கண்காட்சியை ஒட்டி அவற்றைக் கழற்றி விட்டார்கள். பழைய உருக்கள் சிலவற்றில் அந்த வளைவுகள் இன்னும் தெரியும்.

சரி, பணக்காரர் பொருள் எப்படிச் சாதாரண மனிதன் கைக்கு வந்தது? துத்தநாகத்தால். வெண்கலத்தின் பெரும்பகுதி செம்பு. செம்பு உருக 1,085 பாகை செல்சியஸ் வேண்டும். துத்தநாகம் 420 பாகைக்குள் உருகிவிடும். ஈயமும் வெள்ளீயமும் அதற்கும் கீழே. விறகு மிச்சம், அச்சு நீண்ட நாள் உழைக்கும், நேரம் மிச்சம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் துத்தநாகம் மலிந்தபோது வெண்கலத்தில் செய்ததை எல்லாம் இதில் செய்து மேலே வெண்கல நிறம் பூசினார்கள்.

செய்யும் முறையும் கெட்டித்தனமானது. உருகிய உலோகத்தை அச்சுக்குள் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, ஓரத்தில் மட்டும் படிந்து இறுகியதும் மிச்சத்தைத் திரும்ப வெளியே கொட்டி விடுவார்கள். வெளியே கட்டடம், உள்ளே வெறுமை. உங்கள் உருவைத் திருப்பிப் பாருங்கள். அடி திறந்திருந்து, உட்சுவர் கரடுமுரடாக, உருகி வழிந்த மெழுகு போல இருந்தால் இப்படி வார்த்ததுதான். பக்கங்களில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய கோடு, அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம்.

உலோகத்தை அடையாளம் காண நகைக்கடைக்குப் போகத் தேவையில்லை. காந்தத்தை வையுங்கள், ஒட்டினால் இரும்பு. இரும்பென்றவுடன் ஏமாற வேண்டாம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து கென்டன் கம்பனி வார்ப்பிரும்பில் செய்த கட்டட உண்டியல்களைத் தேடும் ஆட்கள் ஏராளம். ஒட்டாவிட்டால் விரலால் தட்டுங்கள். வெண்கலமும் பித்தளையும் மணி போல ஒலிக்கும். துத்தநாகக் கலவை "டொக்" என்று அடங்கிவிடும். பிறகு தேய்ந்த மூலைகளைப் பாருங்கள். மேலே பொன்னிறம், தேய்ந்த இடத்தில் சாம்பல் என்றால் துத்தநாகம் அல்லது ஈயக் கலவை. தேய்ந்த இடமும் மஞ்சளாகவே இருந்தால் பித்தளை. தயவு செய்து கத்தியால் சுரண்டிப் பார்க்காதீர்கள். சுரண்டிய கோடு விலையைத்தான் குறைக்கும். கைக்கு இலேசாக, குளிர்ச்சியே இல்லாமல் இருந்தால் அது உலோகமே அல்ல, உலோக நிறம் பூசிய பிசின்.

ஈபிள் கோபுரத்துக்கு வருகிறேன், படங்களில் அதிகம் அதுதான். 1889 உலகக் கண்காட்சிக்காக எழுந்த கோபுரம். அது கட்டி முடியும் முன்பே அதன் உருவை விற்கும் சண்டை தொடங்கி விட்டது. பாரிஸின் பிரின்தாம் பேரங்காடியின் அதிபர் ஜூல் ஜாலுஸோவுக்கு, கோபுரத்தின் சின்ன உருக்களைச் செய்து விற்கும் தனி உரிமையை ஈபிள் கொடுத்திருந்தார். சிறு பட்டறைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். பொதுப்பணமும் போட்டுக் கட்டுகிற கோபுரத்தின் உருவம் ஒரு முதலாளிக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும் என்பது அவர்கள் வாதம். கடைசியில் அந்த ஏகபோகம் நிற்கவில்லை. எவரும் செய்யலாம், எவரும் விற்கலாம் என்றானது.

பட்டறைக்காரருக்கு அது நீதி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் மாமாவின் கோபுரம் ஏன் விலை போகவில்லை என்பதற்கும் அதுவே காரணம். அன்று முதல் இன்றுவரை எண்ணிக்கை இல்லாமல் வார்த்துத் தள்ளுகிறார்கள். 1889 கண்காட்சிப் பெயரும் ஆண்டும் வார்ப்பிலேயே பதிந்திருந்தால், அல்லது கோபுரம் ஒரு மைக்கூட்டோடு, வெப்பமானியோடு, கடிகாரத்தோடு சேர்ந்து வந்திருந்தால் அது வேறு கதை.

சுதந்திரச் சிலையின் சின்ன உருவோ ஞாபகப் பொருளாக மட்டும் விற்கப்படவில்லை. அது சிலையைத் தூக்கி நிறுத்த உதவியது. சிலை பிரான்ஸ் மக்களின் அன்பளிப்பு, பீடம் அமெரிக்கர் பொறுப்பு. பீடத்துக்குப் பணம் சேரவில்லை. அப்போது அதற்கான குழு ஆறு அங்குல உருவை ஒரு டொலருக்கும் பன்னிரண்டு அங்குல உருவை ஐந்து டொலருக்கும் விற்றது. 1885இல் ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகை வழியே கேட்டபோது ஒரு இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் கொடுத்தது ஒரு டொலருக்கும் குறைவு. அந்தக் குழு விற்ற உருவையும் பிற்காலக் கடை உருவையும் ஒன்றாக நினைத்து விலை பேசுவோர் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

இடையில் ஒரு தகவல். இந்தச் சிலையைச் செய்த பார்தோல்டி, அதற்கு முன் சுயஸ் கால்வாயின் வாயிலில் கலங்கரை விளக்கமாக ஓர் எகிப்தியக் கிராமப் பெண்ணின் பேருருவை எழுப்பக் கெதீவ் இஸ்மாயீலிடம் திட்டம் கொடுத்திருந்தார். முக்காடு, நீண்ட அங்கி, உயர்த்திய கையில் விளக்கு. அது நிறைவேறவில்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அவர் பின்னர் சொன்னார். அந்த வரைபடங்களைப் பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை.

இனி அந்தப் பெயர் தெரியாத வங்கிக் கட்டடம். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் சிறு நகரங்களில் வங்கிகள் தங்கள் தலைமைக் கட்டடத்தின் உருவிலேயே உண்டியல் செய்து வாடிக்கையாளருக்குக் கொடுத்தன. கிரேக்கத் தூண்கள், அகன்ற படிகள், அசையாத கோட்டை மாதிரி முகப்பு. சிக்காகோவில் ரெஹ்பெர்கர் கம்பனி, பின்னாளில் பாந்த்ரிகோ கம்பனி இவற்றை வார்த்துக் கொடுத்தன. இப்படியான உண்டியல்கள் பலவற்றின் சாவி வங்கியிடமே இருக்கும். நிறைந்ததும் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும். அங்கே திறந்து கணக்கில் போடுவார்கள். வட்டி பற்றிய நம் மார்க்கத்தின் நிலைப்பாடு தெரிந்ததே, அது வேறு பேச்சு. சேமிக்கும் பழக்கத்தையும் விளம்பரத்தையும் ஒரே வார்ப்பில் ஊற்றிய அந்தக் கெட்டித்தனத்தை மட்டும் சொல்கிறேன்.

பிறகு 1930 தொடக்கம் 1933 வரை அமெரிக்காவில் சுமார் 9,000 வங்கிகள் முறிந்தன. வைப்புக்குக் காப்புறுதி இல்லாத காலம். ஆயுள் சேமிப்பு ஒரே நாளில் போனது. 1933 மார்ச்சில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நாட்டிலுள்ள எல்லா வங்கிகளையும் சில நாள் மூடவே உத்தரவிட்டார். வைப்புக் காப்புறுதிச் சட்டம் அந்த ஆண்டு வந்தது. அப்போது முறிந்த வங்கிகளின் கட்டடங்கள் சில இடிந்தன, சில கடையாகின, சில பெயர் மாறின. ஆனால் உறுதியின் அடையாளமாகக் கொடுத்த அந்தச் சின்ன உண்டியல்கள் மட்டும் பிள்ளைகளின் அலுமாரியில் நின்றன, முகப்பில் வங்கியின் பெயரோடு. ஒரு நகரத்தில் ஒரு வங்கி, அதுவும் கொஞ்சக் காலம் கொடுத்தது என்பதால் எண்ணிக்கை குறைவு. கட்டடமும் இல்லை, வங்கியும் இல்லை, உருவைத் தவிர வேறு சாட்சியும் குறைவு என்றால் சேகரிப்பாளர் அதை விடுவாரா?

ஆகவே வங்கிக் கட்டடப் படம் அனுப்பிய சகோதரிக்கு: முகப்பிலோ அடியிலோ வங்கியின் பெயரும் ஊரின் பெயரும் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து வாசித்துச் சொல்லுங்கள். அடியில் சாவித் துவாரமும் மூடியும் அப்படியே இருந்தால் இன்னும் நல்லது. காசை எடுக்க யாரோ அடியை நெம்பியிருந்தால் பெறுமதி குறையும். பலவற்றில் நெம்பித்தான் இருக்கும்.

அடியில் நாட்டின் பெயர் இருந்தாலும் அது ஒரு திகதிதான். 1890இன் அமெரிக்கச் சுங்கச் சட்டம், அந்நாட்டுக்குள் வரும் பொருளில் உற்பத்தி நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றது. ஜப்பான் பொருட்களில் முதலில் "நிப்பொன்" என்றிருந்தது. 1921இல் அது போதாது, "ஜப்பான்" என்றே இருக்க வேண்டும் என்றார்கள். "வெஸ்ட் ஜேர்மனி" என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில். பெயரே இல்லை என்பதால் மிகப் பழையது என்று முடிவுகட்ட முடியாது. ஒட்டியிருந்த தாள் உரிந்து போயிருக்கலாம்.

இவற்றில் நம் நாட்டுக்கும் தொடர்புள்ள ஒன்று உண்டு. "மேட் இன் ஒக்கியூபைட் ஜப்பான்", அதாவது ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது. போரில் தோற்று அமெரிக்கப் படையின் கீழ் இருந்த ஜப்பான், 1947இல் வெளிநாட்டு வணிகம் மீண்டும் திறந்தபோது ஏற்றுமதி செய்த பொருட்களில் இந்த முத்திரை இருந்தது. பொம்மை, கோப்பை, உலோகக் கட்டடம் எல்லாவற்றிலும். பசியில் இருந்த ஒரு நாடு தன்னைத் தோற்கடித்தவனின் கட்டடங்களைச் சின்னதாக வார்த்து, தன் தோல்வியை அடியில் பொறித்து, அவனுக்கே விற்றது. அந்த ஆக்கிரமிப்பை முடித்தது 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தம். அந்த மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன, ஜப்பானிடம் நட்டஈடு கேட்கும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று பேசியது பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்ததுதான். ஒப்பந்தம் 1952 ஏப்ரல் 28இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அந்த முத்திரை உள்ள உருவுக்கு வயது சொல்ல நிபுணர் வேண்டாம். சில ஆண்டு இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

ஜப்பானிய உருக்களில் ஓர் எச்சரிக்கை. டோக்கியோப் பட்டறைகள் அந்திமனி வேலைக்குப் பெயர் போனவை. ஈயத்தோடு அந்திமனியும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை அது. நுணுக்கமான கோடும் எழுத்தும் அதில் அழகாக விழும். ஆனால் ஈயம் ஈயம்தான். உருவத்துக்கு மிஞ்சிய பாரம் இருந்தால் சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்கும் இடத்தில் வைக்காதீர்கள். தொட்டால் கை கழுவுங்கள்.

கட்டடம் போய் உரு மிஞ்சும் கதை வங்கிகளோடு முடியவில்லை. 1939 நியூயோர்க் உலகக் கண்காட்சியின் அடையாளம் ஒரு கூரிய கோபுரமும் பெரிய உருண்டையும். "நாளைய உலகம்" என்பது அந்தக் கண்காட்சியின் கருப்பொருள். அது திறந்த ஆண்டிலேயே ஐரோப்பாவில் போர் வெடித்தது. கண்காட்சி முடிந்ததும் கோபுரத்தையும் உருண்டையையும் பிரித்து, அவற்றின் உருக்கை ஆயுத உற்பத்திக்குக் கொடுத்தார்கள். இன்று மிஞ்சியிருப்பவை கைக்கடங்கும் அந்தச் சின்ன உருக்கள்தான்.

2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு நியூயோர்க் இரட்டைக் கோபுரங்களின் உருக்களுக்கும் இதுவே நடந்தது. ஈபே தளம் அக்கட்டடங்கள் தொடர்பான பொருட்களின் விற்பனையைச் சில வாரம் நிறுத்தி வைத்தது. மனிதர் செத்த இடத்தில் இலாபம் பார்க்கக் கூடாது என்று அங்கேயே குரல் எழுந்தது. பிறகு நினைவுப் பொருளாகப் புதிது புதிதாக வார்த்தார்கள். கோபுரங்கள் நின்ற காலத்தில் விற்ற உருவும் விழுந்த பிறகு செய்த உருவும் ஒன்றல்ல. திகதியோ அஞ்சலி வாசகமோ பொறித்திருந்தால் பிந்தியது. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் வைத்திருப்பதில் தவறேதும் எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் விற்க மாட்டேன்.

இனி விலை. தொகை எதுவும் சொல்ல மாட்டேன், படத்தைப் பார்த்துத் தொகை சொல்பவரை நம்பவும் வேண்டாம். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையல்ல. ஏலத் தளங்களில் "விற்று முடிந்தவை" என்று தனியாகப் பார்க்க வழி இருக்கிறது. அங்கே அதே கட்டடம், அதே அளவு, அதே நிலையில் உள்ளது என்ன தொகைக்குப் போனது என்று பாருங்கள். அளவை மில்லிமீற்றர் வரை எடுங்கள். பழைய உருவை அச்சாக வைத்துப் போலி வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்குவதால் போலி ஒரு சொட்டுச் சின்னதாக இருக்கும், யன்னல்களும் எழுத்துக்களும் மழுங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள். பெருநாளைக்கு வீடு துப்புரவு செய்யும்போது நடப்பது இதுதான். துத்தநாகத்தின் மேல் இருக்கும் வெண்கல நிறம் ஒரு மெல்லிய பூச்சு மட்டுமே. ஒரு தரம் தேய்த்தால் போய்விடும், திரும்ப வராது. காய்ந்த மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும். நம் ஊர் போலக் கடற்காற்றும் ஈரமும் உள்ள இடத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. ஈயம் கலந்த அசுத்தமான துத்தநாகத்தில் வார்த்த பழைய உருக்கள் சில, உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, பிஸ்கட் போல உதிரும். அதற்கு மருந்தில்லை. 1929இல் மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு புதிய கலவை வந்த பிறகுதான் அந்த நோய் குறைந்தது. வெடிப்பு ஓடத் தொடங்கிய உருவை வாங்காதீர்கள். இருப்பதை ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

யார், எந்த ஆண்டு, எங்கிருந்து கொண்டு வந்தார் என்று உம்மா வாப்பா சொல்லும்போதே ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து, உருவின் உள்ளே வைத்து விடுங்கள். உருவில் ஒட்ட வேண்டாம்.

கொமெண்டில் படம் போடுபவர்கள் முன்பக்கத்தை மட்டும் போடாமல் அடிப்பக்கத்தையும், தேய்ந்த மூலை ஒன்றையும், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து இன்னொன்றையும் போடுங்கள். இன்ஷா அல்லாஹ் தெரிந்ததைச் சொல்கிறேன். வங்கி உண்டியல்களுக்கு முதலிடம்.